எடைக்கு அப்பால்: பிசிஓஎஸ், உடற்பருமன், இன்சுலின் எதிர்ப்பு

பிசிஓடி என்றும் நீர்க்கட்டி என்றும் நம் ஊரில் சொல்லப்படும் பிசிஓஎஸ் இருப்பதாகத் தெரிந்த பெண்கள் பெரும்பாலும் முதலில் கேட்கும் அறிவுரை, "எடையைக் குறைச்சுட்டு வாம்மா" என்பதுதான். ஒல்லியாக இருப்பவர் கேட்பது வேறு: "நீயே இப்படி மெலிஞ்சு கிடக்கே, உனக்கு எப்படி இது?" இரண்டு பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை. உடல் பருத்ததால் வந்த நோய் இது, இளைத்தால் போய்விடும் என்ற நம்பிக்கை. நூறாண்டுக்கால ஆய்வு இதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்கிறது. மறுபாதியை நாம் கணக்கில் எடுக்காததால் மெலிந்த பெண்கள் கவனிப்பாரற்றுப் போகிறார்கள். பருத்த பெண்கள் குற்றவாளிகளைப் போல நடத்தப்படுகிறார்கள். இந்த இரண்டு அநியாயங்களும் நிற்க வேண்டுமானால் எடைக்கும் இன்சுலினுக்கும் சினைப்பைக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதைத் தெளிவாகப் பார்க்க வேண்டும்.

சர்க்கரை நோய்க்கும் பெண் உடலில் ஆண் ஹார்மோன் கூடுவதற்கும் தொடர்பு உண்டு என்ற ஐயம் பழையது. 1921-இல் பிரான்சில் அஷார், தியேர் என்ற இரு மருத்துவர்கள், முகத்தில் தாடி வளர்ந்த பெண்களிடம் காணப்படும் சர்க்கரை நோயைப் பற்றி எழுதினார்கள். ஆனால் 1935-இல் சிகாகோவில் இர்விங் ஸ்டைன், மைக்கேல் லெவந்தால் இருவரும் ஏழு பெண்களைப் பற்றி எழுதிய கட்டுரைதான் மருத்துவ உலகின் பார்வையைத் தீர்மானித்தது. அந்தப் பெண்களுக்கு மாதவிலக்கு நின்றிருந்தது, சினைப்பைகள் வீங்கியிருந்தன. சினைப்பையின் ஒரு பகுதியை ஆப்பு வடிவில் வெட்டி எடுத்ததும் மாதவிலக்கு திரும்பியது. வெட்டினால் சரியாகிறது என்றால் கோளாறு அங்கேதான் இருக்க வேண்டும் என்று அடுத்த நாற்பது ஆண்டுகள் எல்லோரும் நம்பினார்கள். ஸ்கேனில் தெரியும் நீர்க்கட்டிகள் உண்மையில் கட்டிகளே அல்ல. முதிராமல் பாதி வழியில் நின்றுபோன கருமுட்டைப் பைகள் அவை. அவற்றை நிறுத்தி வைத்தது எது என்பதே கேள்வி.

1980-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரிலிருந்து பர்கனும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு விடையின் முதல் நுனியைக் காட்டியது. பிசிஓஎஸ் உள்ள பருமனான பெண்களையும், அதே அளவு பருமனாக இருந்தும் பிசிஓஎஸ் இல்லாத பெண்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். முதல் குழுவின் ரத்தத்தில் இன்சுலின் கூடுதலாக இருந்தது. இன்சுலின் கூடக் கூட ஆண் ஹார்மோனும் கூடியிருந்தது. எடை ஒன்றாக இருக்கும்போது இன்சுலின் மட்டும் ஏன் வேறுபட வேண்டும்?

இதற்கு உறுதியான பதில் 1989-இல் ஆண்ட்ரியா டுனைஃப் நியூயார்க்கில் செய்த ஆய்வில் கிடைத்தது. உடல் இன்சுலினுக்குச் சரிவர மசியாத நிலையே இன்சுலின் எதிர்ப்பு; அதை அளப்பதற்கு இன்றும் உரைகல்லாக இருக்கும் ‘கிளாம்ப்’ முறையை அவர் கையாண்டார். ஒரு குழாய் வழியே இன்சுலினைத் தொடர்ந்து செலுத்துவார்கள்; ரத்தச் சர்க்கரை இறங்கிவிடாமல் இன்னொரு குழாயில் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். சர்க்கரையை ஒரே அளவில் நிறுத்தி வைக்க நிமிடத்துக்கு எவ்வளவு குளுக்கோஸ் தேவைப்படுகிறதோ அதுவே உடல் இன்சுலினுக்குச் செவிசாய்க்கும் அளவு. டுனைஃப் கண்டது: மெலிந்த பெண்களிலும் பிசிஓஎஸ் இருந்தால் இன்சுலின் எதிர்ப்பு இருந்தது. பிசிஓஎஸ், பருமன் இரண்டும் சேர்ந்தவர்களிடம் அது மிகக் கடுமையாக இருந்தது. அதாவது நோய்க்கென்று சொந்தமாக ஓர் எதிர்ப்பு உண்டு, பருமனுக்கென்று தனியாக ஒன்று உண்டு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. 2013-இல் ஆஸ்திரேலியாவில் ஸ்டெப்டோ குழுவினர் அதே கிளாம்ப் முறையில் செய்த ஆய்வில், பிசிஓஎஸ் உள்ள மெலிந்த பெண்களில் 75 விழுக்காட்டினருக்கும், அதிக எடையுள்ளவர்களில் 95 விழுக்காட்டினருக்கும் இன்சுலின் எதிர்ப்பு தெரிந்தது. பிசிஓஎஸ் இல்லாமல் எடை மட்டும் கூடியவர்களில் அது 62 விழுக்காடு. அளக்கும் வரம்பை மாற்றினால் இந்த எண்கள் மாறும். நோயின் இலேசான வகை கொண்ட மெலிந்த பெண்களில் எதிர்ப்பே இல்லை என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு. ஆனாலும் திசை தெளிவாகத்தான் இருக்கிறது.

இங்கே ஒரு முரண் எழுகிறது. உடல் இன்சுலினுக்கு மசியவில்லை என்றால், சினைப்பை மட்டும் எப்படி இன்சுலினால் தூண்டப்படுகிறது? வீட்டில் ஒருவருக்குக் காது மந்தமானால் மற்றவர்கள் உரக்கப் பேச வேண்டியிருக்கிறது. நன்றாகக் காது கேட்கும் குழந்தைக்கு அந்தச் சத்தமே தாங்க முடியாததாகிறது. பிசிஓஎஸ்ஸில் காது மந்தமானவை தசையும் கல்லீரலும் கொழுப்புத் திசுவும். அவற்றுக்குக் கேட்க வேண்டும் என்று கணையம் இன்சுலினை அள்ளிச் சுரக்கிறது. சினைப்பைக்கோ காது நன்றாகவே கேட்கிறது. சினைப்பையில் ஆண் ஹார்மோனைச் சுரக்கும் தீக்கா அணுக்கள், பிட்யூட்டரி அனுப்பும் எல்.எச். ஹார்மோனோடு இந்த மிகை இன்சுலினும் சேர்ந்து தூண்டுவதால் டெஸ்டோஸ்டிரோனை அளவுக்கு மீறிச் செய்கின்றன. செல்லுக்குள் இன்சுலின் அனுப்பும் செய்தி ஒரே பாதையில் போவதில்லை. சர்க்கரையை உள்ளே இழுக்கும் பாதை தடைபட்டாலும் வளர்ச்சியையும் ஹார்மோன் ஆக்கத்தையும் தூண்டும் பாதைகள் திறந்தே இருக்கின்றன.

கல்லீரலிலும் இன்னொரு தீங்கு நடக்கிறது. டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து அடக்கி வைக்கும் ஒரு புரதம் அங்கே உருவாகிறது, எஸ்.எச்.பி.ஜி. என்று பரிசோதனைத் தாள்களில் இருப்பது அதுதான். இன்சுலின் கூடினால் அந்தப் புரதம் குறையும். சுரப்பது கூடுகிறது, கட்டி வைப்பது குறைகிறது. கட்டுப்படாத டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் திரிகிறது. முகத்தில் முடி, தாடையோரம் பரு, உச்சந்தலையில் முடி உதிர்வு, தள்ளிப்போகும் மாதவிலக்கு எல்லாம் அதன் விளைவுகள். இது வெறும் கருதுகோள் அல்ல. 1989-இல் ஜான் நெஸ்ட்லர், பிசிஓஎஸ் உள்ள பருமனான பெண்களுக்கு இன்சுலின் சுரப்பைக் குறைக்கும் டயசாக்சைடு மருந்தைச் சில நாட்கள் கொடுத்தார். எடை மாறவில்லை. டெஸ்டோஸ்டிரோன் இறங்கியது, பிணைக்கும் புரதம் ஏறியது. எதிர்த்திசையில், ஆண் ஹார்மோனை மருந்தால் அடக்கிப் பார்த்த ஆய்வுகளில் இன்சுலின் எதிர்ப்பு பெரிதாகக் குறையவில்லை. முன்னே நிற்பது இன்சுலின்தான் என்று நம்ப இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை என்பது என் கருத்து.

அப்படியானால் எடைக்குப் பங்கே இல்லையா? உண்டு, பெரிய பங்கு உண்டு. அதை மறைத்துப் பேசுவதும் பெண்களுக்குச் செய்யும் நன்மை ஆகாது. பிறப்பிலேயே எடையைக் கூட்டும் மரபணு வேறுபாடுகளைப் பெற்ற பெண்களுக்குப் பிசிஓஎஸ் வரும் வாய்ப்பும் கூடுதல் என்று கடந்த பத்தாண்டின் மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மரபணு பிறக்கும்போதே அமைந்துவிடுவதால், நோய் வந்த பிறகு எடை கூடியது என்று அதற்கு விளக்கம் சொல்ல முடியாது. எடை உண்மையாகவே ஒரு காரணம். நோய் எடையைக் கூட்டுகிறதா என்ற மறுகேள்விக்கு மரபணுச் சான்று மெலிவாகத்தான் இருக்கிறது. ஆனால் மிகை இன்சுலின் கொழுப்பைச் சேமிக்கத் தூண்டுவதும், ஆண் ஹார்மோன் அதை இடுப்புக்கும் தொடைக்கும் பதிலாக வயிற்றில் சேர்ப்பதும், மனச்சோர்வும் அதோடு வரும் கட்டுப்பாடற்ற உண்ணலும் இந்தப் பெண்களிடம் மிகுதியாக இருப்பதும் தெரிந்தவை. வயிற்றுக் கொழுப்பு கூடினால் இன்சுலின் எதிர்ப்பு ஏறும், எதிர்ப்பு ஏறினால் ஆண் ஹார்மோன் ஏறும், அது மறுபடி வயிற்றில் கொழுப்பைச் சேர்க்கும்.

இந்தச் சுழலின் வேர் கருவறை வரை போகலாம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வசந்தா பத்மநாபன் குழுவினர் சினை ஆடுகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்துச் செய்த ஆய்வுகளில், பிறந்த பெண் குட்டிகள் வளர்ந்தபோது கருமுட்டை வெளிப்படுவதில் கோளாறும் இன்சுலின் எதிர்ப்பும் சேர்ந்தே தோன்றின. குரங்குகளிலும் இதே போன்ற முடிவுகள் வந்திருக்கின்றன. ஆட்டுக்கு நேர்வதெல்லாம் மனிதருக்கும் நேரும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பதினாறு வயதுப் பெண்ணைப் பார்த்து "வாயைக் கட்டியிருந்தா இது வந்திருக்குமா?" என்று கேட்பவர்கள், அவள் பிறக்கும் முன்பே இதில் ஒரு பகுதி எழுதப்பட்டிருக்கக்கூடும் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

தெற்காசியப் பெண்களுக்கு வரும்போது எடை இன்னும் நம்ப முடியாத அளவுகோலாகிவிடுகிறது. புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக், லண்டன் மருத்துவர் ஜான் யட்கின் இருவரும் 2004-இல் லான்செட் இதழில் தங்கள் படங்களை அருகருகே வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் நிறை எண் 22.3. யட்கினின் உடற்கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக்கின் கொழுப்பு 21.2 விழுக்காடு. அதே உடல் நிறை எண், இரண்டு மடங்குக்கு மேல் கொழுப்பு. மெலிந்த கை கால், முன்தள்ளிய வயிறு என்ற நம் உடல்வாகு இது. அதனால்தான் இந்தியாவில் 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-ஐத் தொட்டால் பருமன், பெண்ணின் இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்கு மேல் போனால் வயிற்றுப் பருமன் என்று வரம்புகளைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். மேலைநாட்டு வரம்பான 25-ஐ வைத்து எண்ணினாலும், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதைத் தாண்டியவர்கள். முந்தைய ஆய்வில் அது 30.9.

பிசிஓஎஸ்ஸில் இந்த வேறுபாட்டை முறையாகக் காட்டியவர்களில் முக்கியமானவர் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சந்திரிகா விஜேரத்ன. 2002-இல் அவரும் இங்கிலாந்தின் லீட்ஸ் மருத்துவர்களும் வெளியிட்ட ஒப்பீட்டில், தெற்காசியப் பெண்கள் ஐரோப்பியப் பெண்களைவிட இளம் வயதிலேயே நோய்க்குறிகளோடு வந்தார்கள். அவர்களுக்கு முக முடி, பரு, கழுத்துக் கருமை ஆகியவை மிகுதி, இன்சுலினும் கூடுதல். பின்னர் இலங்கையின் கம்பகாவில் வீடு வீடாகச் செய்த ஆய்வில் பெண்களில் 6.3 விழுக்காட்டினருக்குப் பிசிஓஎஸ் இருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாட்டின் பல பகுதிகளில் நடந்து 2024-இல் வெளியான பெரிய ஆய்வோ, ரோட்டர்டாம் என்ற தளர்வான நோயறியும் அளவுகோலின்படி 19.6 விழுக்காடு என்கிறது. கடுமையான பழைய அளவுகோலின்படி 7.2 விழுக்காடு. அளவுகோலைப் பொறுத்து எண் இரண்டரை மடங்குக்கும் மேல் மாறும்போது, "ஐந்தில் ஒரு பெண்ணுக்கு" என்ற தலைப்புச் செய்தியைப் படிப்பவர்கள் நிதானமாகப் படிப்பது நல்லது.

கழுத்துக் கருமையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிடரியிலும் அக்குளிலும் தோல் தடித்து வெல்வெட்டுப் போலக் கறுப்பது அழுக்கு அல்ல. மிகை இன்சுலின் தோல் அணுக்களைப் பெருகத் தூண்டுவதால் வருவது அது. நம் வீடுகளில் கடலை மாவையும் எலுமிச்சையையும் வைத்துத் தோல் எரியும்வரை தேய்க்கிறோம். குளிப்பதில்லையா என்று பள்ளியில் கேலி செய்கிறார்கள். ரத்தப் பரிசோதனைக்கு முன்பே, காசு செலவில்லாமல் கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளத்தை அவமானமாக மாற்றி வைத்திருக்கிறோம். ஒரு தாய் அதைப் பார்த்தவுடன் செய்ய வேண்டியது மகளின் மாதவிலக்குத் தேதிகளைக் கேட்பதும் சர்க்கரையைப் பார்ப்பதும்தான்.

எந்தச் சர்க்கரைப் பரிசோதனை என்பதில்தான் பெரிய குழப்பம். வெறும் வயிற்றில் இன்சுலினை அளந்து ஒரு கணக்குப் போட்டு எதிர்ப்பின் அளவைச் சொல்லும் ‘பேக்கேஜ்’கள் ஆய்வகங்களில் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் ஹெலனா டீட் தலைமையில் 2018-இலும் 2023-இலும் வெளியான சர்வதேச வழிகாட்டுதல்கள், அன்றாடச் சிகிச்சைக்கு அவை தேவையில்லை என்கின்றன. அளவு ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறுகிறது. எண் எதுவாக இருந்தாலும் சிகிச்சை மாறுவதில்லை. வேண்டியது 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் பரிசோதனை. எடை எதுவாக இருந்தாலும், வயது எதுவாக இருந்தாலும் அதைச் செய்யச் சொல்கிறது வழிகாட்டுதல். அபாயத்தைப் பொறுத்து ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரை பல ஆண்டுகள் சரியாகவே இருந்து ஏமாற்றும். மூன்று மாதச் சராசரி என்று சொல்லும் எச்.பி.ஏ.1.சி.யையும், தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கும் நிலையில், கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. இன்னொன்றும் உண்டு. வயதுக்கு வந்து எட்டு ஆண்டு ஆகும்வரை ஸ்கேனை வைத்து இந்த நோயை முடிவு செய்யக் கூடாது. அந்தப் பருவத்துச் சினைப்பை இயல்பாகவே அப்படித்தான் தெரியும். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு ஒரு ஸ்கேனைக் காட்டி "பிள்ளை பிறப்பது கஷ்டம்" என்று சொல்லி அனுப்புவது கொடுமை.

சிகிச்சைக்கு வருவோம். பருமனானவர்கள் உடல் எடையில் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் குறைத்தாலே இன்சுலின் இறங்கி, பிணைக்கும் புரதம் ஏறி, பலருக்கு மாதவிலக்கு சீராகிறது என்று 1992-லேயே லண்டனில் காட்டினார்கள். 80 கிலோ உள்ளவருக்கு அது 4 கிலோ. அறுபதுக்கு வந்தால்தான் ஆயிற்று என்று மலைக்க வைப்பதற்கும், நான்கு கிலோ போதும், அதற்குள்ளேயே மாற்றம் தெரியும் என்று சொல்வதற்கும் எவ்வளவு வேறுபாடு! எந்த ஒரு குறிப்பிட்ட உணவுமுறையும் மற்றவற்றைவிட மேலானது என்பதற்குச் சான்று இல்லை. நம் தட்டில் மாற்ற வேண்டியதும் தெரிந்ததுதான்: சோற்றின் அளவு குறைய வேண்டும், பயறு, சுண்டல், முட்டை, மீன், காய்கறி கூட வேண்டும். மாவாக அரைத்துக் கூழாக்கிக் குடிக்கும் கேழ்வரகு, சிறுதானியம் என்ற பெயராலேயே சர்க்கரையை ஏற்றாமல் விட்டுவிடாது.

எடையைவிட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது உடற்பயிற்சியை. சுருங்கி விரியும் தசை, இன்சுலினுக்குக் காத்திராமல் வேறு வழியில் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆகவே எடைக் கருவியின் முள் அசையாவிட்டாலும் இன்சுலின் எதிர்ப்பு குறைகிறது. மெலிந்த பெண்ணுக்கும் பயன் தரும் சிகிச்சை இது. வாரத்துக்கு 150 நிமிடமாவது வேக நடை, அதோடு இரண்டு நாள் தசையை வலுப்படுத்தும் பயிற்சி என்பது குறைந்தபட்சம். எடை இறங்கவில்லை என்று மூன்றாம் மாதம் நடையை நிறுத்திவிடும் பெண்ணிடம் யாராவது இதைச் சொல்லியிருந்தால் அவர் நிறுத்தியிருக்க மாட்டார்.

சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மின், 1994-இல் வெனிசுலாவில் வெலாஸ்கஸ் குழுவினர் முதலில் முயன்று பார்த்ததிலிருந்து இந்த நோய்க்குப் பழகிய மாத்திரையாகிவிட்டது. அது எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதை 2007-இல் அமெரிக்காவில் 626 பெண்களிடம் ரிச்சர்ட் லெக்ரோ நடத்திய ஆய்வு வரையறுத்தது. குழந்தை பெற்றவர்கள், கருமுட்டை வெளியீட்டைத் தூண்டும் குளோமிஃபீன் எடுத்தவர்களில் 22.5 விழுக்காடு, மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவர்களில் 7.2 விழுக்காடு. 2014-இல் அதே குழு, லெட்ரோசோல் என்ற இன்னொரு மருந்து 27.5 விழுக்காட்டோடு குளோமிஃபீனை (19.1) முந்துவதாகக் காட்டியது. இந்தியாவில் 2011-இல் கருவுறுதலுக்கு லெட்ரோசோலைத் தடை செய்து, 2017-இல்தான் தடையை நீக்கினார்கள். இடையில் ஆறு ஆண்டுகள் நம் பெண்கள் மேலான மருந்தை இழந்திருந்தார்கள். மெட்ஃபார்மினின் உண்மையான இடம் சர்க்கரை நோயைத் தள்ளிப்போடுவது. சென்னையில் அ. ராமச்சந்திரன் நடத்தி 2006-இல் வெளியான தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களுக்கு அது அபாயத்தை 26.4 விழுக்காடு குறைத்தது. உணவும் நடையும் 28.5 விழுக்காடு. கருத்தடை மாத்திரைகள் மாதவிலக்கைச் சீராக்கும், முடியையும் பருவையும் கட்டுப்படுத்தும், உதிராமல் தடிக்கும் கருப்பை உட்சவ்வைப் புற்றுநோயிலிருந்து காக்கும். இன்சுலின் எதிர்ப்பை அவை தீர்ப்பதில்லை. இனோசிட்டால் பொடிகளுக்கு விளம்பரம் அதிகம், சான்று குறைவு.

2025-இல் டிர்செபடைடு, எடைக்குறைப்புக்கான செமாகுளுடைடு ஆகிய மருந்துகள் இந்தியச் சந்தைக்கு வந்தன. மிகுந்த பருமனுள்ளவர்களுக்கு இவை உண்மையான உதவி. ஆனால் கருத்தரிக்கும் முன்பே நிறுத்தவேண்டிய மருந்துகள் இவை. எடை குறையும்போது நின்றுபோன கருமுட்டை வெளியீடு சொல்லாமல் திரும்பிவிடும். தனக்குப் பிள்ளையே பிறக்காது என்று நம்ப வைக்கப்பட்ட பெண் கருத்தடையைப் பற்றி யோசிக்கவே மாட்டார். மருந்துச் சீட்டு எழுதும்போதே இதைப் பேசியாக வேண்டும்.

"கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்" என்பது நம் ஊரில் இன்னும் வழங்கும் சிகிச்சை. கல்யாணமும் ஆகி, குழந்தையும் பிறந்த பிறகு இந்த நோய் எல்லோருடைய பார்வையிலிருந்தும் விலகிவிடுகிறது. அந்தப் பெண்ணின் சர்க்கரை அபாயம் அதன் பிறகும் தொடர்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி தமிழ்நாட்டில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தின் பரிசோதனை முப்பது வயதில்தான் தொடங்குகிறது. பத்தொன்பதில் பிசிஓஎஸ் என்று தெரிந்த பெண் பதினோரு ஆண்டுகள் எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல் இருக்கிறாள், கர்ப்பமானால் ஒழிய. மருத்துவர் வீ. சேஷய்யாவின் விடாமுயற்சியால் 2007 முதல் தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்கள். குளுக்கோஸ் பொட்டலமும் பரிசோதனைக் கருவியும் பழகிய செவிலியரும் அங்கே ஏற்கெனவே இருக்கிறார்கள். அதே பரிசோதனையை, மாதவிலக்கு தள்ளிப்போகிறது என்றோ கழுத்து கறுத்திருக்கிறது என்றோ வரும் கல்லூரிப் பெண்ணுக்கும், காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொல்லி, எடை பார்க்கும் கருவியில் அவளை ஏற்றுவதற்கு முன்பே செய்துவிடலாம்.